வாங்கினது யாரு? கட்டுறது யாரு?

பி.காம். முதல் வருஷத்தில் காலடி எடுத்து வைக்கிற எல்லோருக்கும் முதல் வாரமே ஒரு மந்திரம் ஓதுவார்கள். 'பெறுபவர் கணக்கைப் பற்று செய்; தருபவர் கணக்கை வரவு செய்.' சுருக்கமாக, எவர் வாங்கினாரோ அவர் பேரில் கடனை எழுது. மளிகைக் கடை அண்ணாச்சி பி.காம். படித்தவர் இல்லை. ஆனாலும் எதிர்வீட்டுக்காரர் வாங்கிப்போன 2 கிலோ துவரம்பருப்பை உங்கள் நோட்டில் எழுதமாட்டார். எழுதினால் நீங்கள்தான் சும்மா விடுவீர்களா?

இந்த விதியை மீறிவிட்டு மாலை மரியாதையோடு வலம் வரக்கூடிய ஒரே ஆசாமி அரசாங்கம். சாதாரண நாட்களில் அது முடியாது. 'நிதி நெருக்கடி' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் முடியும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நாம் எல்லோரும் பயந்துபோய் பேனாவை எடுத்து நீட்டிவிடுகிறோம். எவனோ வாங்கின கடன் நம் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அரசாங்கம் கடனே வாங்கக் கூடாது' என்று சொல்கிற கட்சி நான் இல்லை. வெள்ளம் வந்தால், கொள்ளைநோய் வந்தால், வேலை போய் ஜனங்கள் தெருவில் நின்றால், கடன் வாங்கியாவது சோறு போடுவதுதான் அரசாங்கம். தொகையைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். 'ஐயோ, இத்தனை லட்சம் கோடியா!' என்று வாயைப் பிளந்து என்ன பிரயோஜனம்? வாங்கின பணம் யார் கைக்குப் போனது, கட்டப்போவது யார்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கதைக்கு வருவோம். 1931, லண்டன்.

அந்த வருஷம் மே மாதம் வியன்னாவில் கிரெடிட் ஆன்ஸ்டால்ட் என்ற பெரிய வங்கி ஆட்டம் கண்டது. ஜூலையில் காய்ச்சல் ஜெர்மனிக்குத் தொற்றியது. ஜெர்மனியில் தாராளமாகக் கடன் கொடுத்திருந்த லண்டன் நிதி நிறுவனங்களின் பணம் அங்கேயே மாட்டிக்கொண்டது. 'லண்டன் பெட்டியும் காலியோ?' என்று சந்தேகப்பட்ட வெளிநாட்டுக்காரர்கள், அங்கே வைத்திருந்த பணத்தைத் தங்கமாக மாற்றி எடுத்துப்போக ஆரம்பித்தார்கள். 'பவுண்டைக் கொடுத்தால் தங்கம் தருவேன்' என்று சத்தியம் செய்திருந்த பிரிட்டன், அந்த சத்தியத்தைக் காப்பாற்ற நியூயார்க்கிலும் பாரீஸிலும் கடன் கேட்டது.

'முதலில் பட்ஜெட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்' என்றார்கள் நியூயார்க் வங்கிக்காரர்கள். எங்கே கை வைப்பது? 25 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களில் ஓர் ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் உதவித்தொகை. கத்தி அங்கே போனது. 10 சதவிகிதம் வெட்டலாம் என்றதும் தொழிற்கட்சி மந்திரிசபை இரண்டாக உடைந்தது. ராஜினாமா செய்யப்போன பிரதமர் ராம்சே மெக்டொனால்ட், எதிர்க்கட்சிகளோடு கூட்டு சேர்ந்து ஒரு 'தேசிய அரசாங்க'த்தின் பிரதமராகத் திரும்பி வந்தார். கடன் கிடைத்தது. 17 ஷில்லிங், 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது.

இவ்வளவு செய்தும் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பர் 21-ம் தேதி, பவுண்டுக்குத் தங்கம் கொடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. எதைக் காப்பாற்ற ஏழை வயிற்றில் கை வைத்தார்களோ, அதுவே போச்சு. உதவித்தொகை பழைய அளவுக்குத் திரும்ப 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனிக்குக் கடன் கொடுத்து மாட்டிக்கொண்டது லண்டன் சீமான்கள். பற்று எழுதப்பட்டது வேலையில்லாதவன் கணக்கில்.

'அது பாட்டன் காலத்துக் கதை சார்' என்பீர்கள். நம் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

அயர்லாந்து. 2007-ல் அந்த நாட்டு அரசின் கடன், மொத்த உற்பத்தியில் 25 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஐரோப்பாவே மெச்சிய சமர்த்துப் பிள்ளை. ஆனால் அரசாங்கம் சிக்கனமாக இருந்த அதே வீட்டில் வங்கிகள் கூத்தடித்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டில் கடன் வாங்கி, உள்ளூர் ரியல் எஸ்டேட் முதலாளிகளுக்கு வாரி இறைத்தன. அதில் முன்வரிசை, ஆங்கிலோ ஐரிஷ் வங்கி.

2008 செப்டம்பர் 29 ராத்திரி. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டு வாரம். வங்கித் தலைவர்கள் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். பிரதமர் பிரையன் கோவென், நிதியமைச்சர் பிரையன் லெனிஹன், அதிகாரிகள் எல்லோரும் விடிய விடியப் பேசினார்கள். மற்ற மந்திரிகளுக்குப் போன் போட்டு சம்மதம் வாங்கினார்கள். பொழுது விடிந்தபோது நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. ஆறு வங்கிகளின் கடன்களுக்கும் அரசாங்கம் ஜாமீன்! சாதாரண ஜனங்களின் டெபாசிட்டுக்கு மட்டும் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வங்கிகளின் கடன் பத்திரங்களில் லாபத்துக்காகப் பணம் போட்ட பெரிய முதலீட்டாளர்களுக்கும் சேர்த்து ஜாமீன். மொத்தம் சுமார் 44,000 கோடி யூரோ. அந்த நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஜாமீன் கையெழுத்து போட்டவன் கதி என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வங்கிகளை நிமிர்த்த அயர்லாந்து மக்கள் கொட்டிக் கொடுத்தது கடைசியில் சுமார் 6,400 கோடி யூரோ. கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்குச் சுமார் 14,000 யூரோ. 2010 நவம்பரில் அந்த சமர்த்துப் பிள்ளை ஐ.எம்.எஃப்., ஐரோப்பிய யூனியன் வாசலில் கையேந்தி நின்றது. 8,500 கோடி யூரோ திட்டம். அதில் 1,750 கோடி, எதிர்கால ஓய்வூதியத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த நிதி உட்பட, அயர்லாந்தின் சொந்தக் காசு! குழந்தைகளுக்கான உதவித்தொகை குறைந்தது. 8.65 யூரோவாக இருந்த ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியில் ஒரு யூரோவை வெட்டினார்கள். ஆட்சி மாறிய பிறகுதான் அது திரும்பியது. உழைக்கத் தயாராக இருந்த நூறு பேரில் 15 பேருக்கு வேலை இல்லாத நிலை வந்தது.

இதில் உச்சக்கட்டக் காட்சியைக் கேளுங்கள். ஆங்கிலோ ஐரிஷ் வங்கியையும் இன்னொரு நிறுவனத்தையும் தாங்கிப் பிடிக்க, அரசாங்கம் சுமார் 3,100 கோடி யூரோவுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தது. நிஜமாகவே புரோநோட்டுதான், கந்துவட்டிக்காரரிடம் கையெழுத்துப் போட்டுத் தருவோமே, அதே சங்கதி. வருஷா வருஷம் மார்ச் 31-ம் தேதி 310 கோடி கட்ட வேண்டும். வங்கியோ 2011-ல் பேர் மாறி, டெபாசிட்டெல்லாம் வேறு வங்கிக்குப் போய், கதை முடிந்துவிட்டது. செத்துப்போன வங்கிக்கு வருஷம் தவறாமல் திதி! 2013-ல் அந்தப் புரோநோட்டை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். கடைசிப் பத்திரம் முடியும் வருஷம் 2053. அந்த ராத்திரி பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 45 ஆகியிருக்கும்.

'வேற வழி இல்லை சார். அந்த நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் வங்கியெல்லாம் கவிழ்ந்து ஜனங்கள் டெபாசிட் போயிருக்கும்' என்பார்கள் கோட்டு போட்ட நிபுணர்கள். 'வேற வழி இல்லை' என்று எவர் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். வழி இல்லையா, அந்த வழியில் இவருக்கு வேண்டப்பட்டவர் நிற்கிறாரா?

அயர்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. அப்போது ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம். அங்கேயும் மூன்று பெரிய வங்கிகள் ஊரெல்லாம் கடன் வாங்கி 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் படுத்தன. அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது. டெபாசிட்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. வங்கிகளுக்குக் கடன் கொடுத்த பெரிய முதலீட்டாளர்கள் வரிசையில் பின்னால் நில்லுங்கள் என்றது.

பிரச்னை வேறு ரூபத்தில் வந்தது. லாண்ட்ஸ்பாங்கி என்ற வங்கி 'ஐஸ்சேவ்' என்ற பேரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் டெபாசிட் வாங்கியிருந்தது. அந்த அரசாங்கங்கள் தங்கள் ஜனங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்து மக்களிடம் வசூலிக்க வந்தன. பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புக்கான சட்டத்தையே எடுத்து அந்த வங்கியின் சொத்துகளை முடக்கியது. நாடாளுமன்றம் பணிந்தது. அதிபர் கையெழுத்துப் போட மறுத்தார். விஷயம் மக்கள் ஓட்டுக்குப் போனது. 2010-ல் 90 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் 'முடியாது' என்றார்கள். நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தி 2011-ல் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் 'முடியாது!'

வானம் இடிந்து விழுந்ததா? 2013 ஜனவரியில் சம்பந்தப்பட்ட ஐரோப்பிய நீதிமன்றம் ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்பு சொன்னது. செத்த வங்கியின் சொத்துகளை விற்றே டெபாசிட் பாக்கி அடைந்தது. ஐஸ்லாந்து சொர்க்கமாகிவிட்டது என்று நான் கதை விடவில்லை. அதன் காசு மதிப்பு பாதியாகச் சரிந்தது, விலைவாசி ஏறியது, அதுவும் ஐ.எம்.எஃபிடம் கடன் வாங்கியது. ஆனால் தனியார் வங்கிக்காரர் போட்ட ஆட்டத்துக்கான பில்லை பேரப்பிள்ளைகள் தலையில் கட்ட ஜனங்கள் சம்மதிக்கவில்லை. சில வங்கித் தலைவர்கள் ஜெயிலுக்கும் போனார்கள். ஆக, வழி இருந்தது. கேட்க ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்கு வருவோம். இலங்கை.

2022 ஜனவரி. கேஸ் சிலிண்டருக்கும் பால் பவுடருக்கும் ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம். டாலர் கையிருப்பு வறண்டுகொண்டிருந்தது. 'இப்போது வெளிநாட்டுக் கடனைக் கட்டாதீர்கள், தள்ளிவைத்துப் பேசுங்கள்' என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் மன்றாடினார்கள். அரசாங்கம் கேட்கவில்லை. ஜனவரி 18-ம் தேதி 50 கோடி டாலர் பத்திரப் பாக்கியை முழுசாகக் கட்டியது. அந்தப் பத்திரங்கள் சந்தையில் முகமதிப்புக்குக் குறைந்த விலையில் கைமாறிக்கொண்டிருந்தன. மலிவாக வாங்கியவருக்கு முழுக்காசு! மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12-ம் தேதி, 'இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது' என்று அதே அரசாங்கம் கையை விரித்தது. அந்த 50 கோடி டாலரில் எத்தனை கப்பல் டீசலும் மருந்தும் வந்திருக்கும்?

அதோடு முடியவில்லை. 2023-ல் உள்நாட்டுக் கடனையும் சீரமைக்கிறோம் என்றார்கள். வங்கிகள் கையில் இருந்த ரூபாய் அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை. ஏற்கெனவே அவை பாரம் சுமப்பதாகக் காரணம் சொன்னார்கள். யாரைத் தொட்டார்கள்? ஊழியர் சேமலாப நிதியை. நம் ஊர் பி.எஃப். மாதிரி. பழைய பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, பல வருஷம் தள்ளி முடியும் பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். 2026 வரை 12 சதவிகிதம், பிறகு 9 சதவிகிதம் வட்டி. மறுத்தால் 14 சதவிகித வரிக்குப் பதிலாக 30 சதவிகிதம். இதற்குப் பேர் விருப்பத் தேர்வாம்!

அந்த நிதியில் யார் பணம் இருக்கிறது தெரியுமா? ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷினை மிதிக்கிற பெண்ணின் பணம். மலையகத்தில் முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிற தமிழ்த் தாயின் பணம். அவர்களா டாலரில் கடன் வாங்கினார்கள்?

சரி, நம் வீட்டுக் கணக்கைத் திறப்போம். ஊர்க்கதை மட்டும் பேசிவிட்டுப் போனால் நியாயமில்லை.

1991. வளைகுடா யுத்தத்தில் எண்ணெய் விலை எகிறி, வெளிநாட்டு இந்தியர்கள் டெபாசிட்டை உருவி, டாலர் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் என்ற நிலை. மே மாதம், பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன் தங்கம் ஸ்டேட் பாங்க் மூலமாக சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் கிட்டத்தட்ட 47 டன் விமானம் ஏறி லண்டன் போனது. அதை வைத்து சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினோம். அந்த வருஷம் முடிவதற்குள் அந்தக் கடன் அடைந்தும்விட்டது.

நான் இதைக் குறை சொல்லமாட்டேன். பெட்ரோல், மண்ணெண்ணெய், மருந்து என்று நாடு முழுக்கத் தேவைப்பட்ட கடன். நாடு முழுக்கச் சுமந்தது சரிதான். என் வருத்தம் ஒன்றுதான். நம் வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பத்திரிகை நிருபர் மோப்பம் பிடித்து எழுதித்தான் நாடே தெரிந்துகொண்டது.

அடுத்தது அப்படி இல்லை. 2018 மார்ச்சில் நம் பொதுத்துறை வங்கிகளின் வாராக்கடன் கிட்டத்தட்ட 9 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும் பகுதி பெரிய பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்தது. மூலதனம் கரைந்த வங்கிகளைத் தூக்கி நிறுத்த, 2017 அக்டோபரில் மத்திய அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதில் 1.35 லட்சம் கோடிக்குப் பத்திரங்கள். வேலை எப்படி நடக்கும்? வங்கி தன்னிடம் இருக்கும் டெபாசிட் பணத்தில் அரசாங்கத்தின் பத்திரத்தை வாங்கும். அரசாங்கம் அந்தப் பணத்தையே மூலதனமாகத் திருப்பி அந்த வங்கியில் போடும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பது. கைமாறாதது ஒன்றே ஒன்றுதான்: வருஷா வருஷம் அந்தப் பத்திரத்துக்கான வட்டி. அது பட்ஜெட்டிலிருந்து, அதாவது உங்கள் வரியிலிருந்து போகும்.

கவனியுங்கள். கடன் கொடுத்தது உங்கள் டெபாசிட். வட்டி கட்டுவது உங்கள் வரி. நடுவில் வாங்கிக்கொண்டு போனவர் மட்டும் வேற ஆள்.

அவர் பேர் என்ன என்று கேட்டால்? 'வாடிக்கையாளர் ரகசியம்' என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு ரிசர்வ் வங்கி தர மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 'கொடுத்துத்தான் ஆக வேண்டும்' என்று 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை மதிக்கச் சொல்லி 2019-ல் மறுபடியும் அதே நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. கல்விக் கடன் கட்டாத பிள்ளைகளின் போட்டோவை பேனர் போட்டு வைத்த வங்கிக் கிளையைப் பார்த்த தமிழ்நாடு இது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ரகசியம் கிடையாது. ஐயாயிரம் கோடிக்கு உண்டு!

'வீடு பற்றி எரியும்போது கணக்குக் கேட்பாயா?' என்று என்னை மடக்கலாம். கேட்கமாட்டேன். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். டெபாசிட்காரரைக் காப்பாற்றுங்கள். ஆனால் நெருப்பு அணைந்த மறுநாள் கேட்பேன். கொளுத்தியது யார்? தண்ணி லாரிக் காசை அவரிடம் வசூலிக்காமல் ஏன் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறாய்? அயர்லாந்தில் மறுநாள் கேட்க முடியாதபடி முதல் ராத்திரியே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தீ பிடிப்பதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. ஒரு கம்பெனி கவிழ்ந்தால் முதலில் முதலாளியின் பங்குப் பணம் போகட்டும். அடுத்து, லாபத்துக்காக அதில் கடன் பத்திரம் வாங்கியவர் பணம் போகட்டும். அதற்குப் பிறகும் ஓட்டை அடையவில்லை என்றால் வரிப்பணத்தைத் தொடுங்கள். தொடும்போது சபையில் வைத்து, யாருக்காக என்று பேரைச் சொல்லித் தொடுங்கள். 1931-லும் 2008-லும் 2022-லும் இந்த வரிசையைத்தான் தலைகீழாகப் புரட்டினார்கள்.

2025-26 மத்திய பட்ஜெட்டின் கணக்குப்படி, செலவாகிற ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசா வட்டிக்குப் போகிறது. அதில் பள்ளிக்கூடம் கட்டின கடனும் இருக்கும், பாலம் போட்ட கடனும் இருக்கும். சந்தோஷமாகக் கட்டுவோம். எவருடைய ஏரோப்பிளேனுக்கோ எண்ணெய் ஊற்றின கடனும் அதில் இருக்கும். எது எத்தனை பைசா?

அடுத்த நெருக்கடி வரும். வராமல் இருக்காது. டி.வி.யில் யாராவது தொண்டை அடைக்க 'நாட்டுக்காக எல்லோரும் தியாகம் செய்ய வேண்டிய நேரம் இது' என்பார்கள். நீங்கள் தியாகத்துக்குத் தயங்குகிறவர் இல்லை, எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கி ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எதிர்வீட்டுத் துவரம்பருப்பு உங்கள் பக்கத்தில் ஏறியிருக்கிறதா?

ஏறியிருந்தால், பேனாவை மூடி பாக்கெட்டில் வையுங்கள்.